உப்புக்காற்றில் உதிரும் எழுத்து: கடை போர்டுக்கு எந்த ஷீட் தாங்கும்?

பாகூர்:-

புதுவை-கடலூர் சாலையில் கிருமாம்பாக்கத்தில் இருந்து கிழக்கே கடற்கரை பக்கம் திரும்பினால் வருவது பனித்திட்டு. கடலை ஒட்டிய மீனவ கிராமம்.

இந்த மாதிரி ஊர்களில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பீரோ கதவு என்று எதையும் உப்புக்காற்று விட்டு வைப்பதில்லை. அப்படி இருக்கும்போது இரவும் பகலும் வெளியிலேயே தொங்கும் கடை போர்டு மட்டும் தப்புமா?

புதுசாக மாட்டும்போது போர்டு பளபளவென்று இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் திருகாணியை சுற்றி துரு வழியும். ஷீட் வளையும். ஸ்டிக்கர் எழுத்தின் ஓரம் தூக்கும். முதலில் விழுவது எழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிதான். புள்ளி விழுந்தால் 'பல் ஆஸ்பத்திரி', 'பல ஆஸ்பத்திரி' ஆகி விடும்.

கடைக்காரர் ஸ்டிக்கர் ஒட்டியவரை திட்டுவார். ஆனால் பல நேரம் குற்றவாளி எழுத்து இல்லை. எழுத்துக்கு பின்னால் இருக்கும் ஷீட்டும், அதை பிடித்து நிற்கும் திருகாணியும்தான்.

தமிழில் மாற்றும் நேரம்

புதுவையில் கடைகளின் பெயர் பலகைகளில் தமிழ் கட்டாயம் இடம் பெற வேண்டும், இதற்காக சுற்றறிக்கை அனுப்பப்படும் என்று 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் சட்டசபையில் முதல்-அமைச்சர் ரங்கசாமி அறிவித்தார்.

பழைய போர்டை எடுத்து விட்டு புதுசு போட நினைக்கும் பெட்டிக்கடை, சலூன், ஐஸ் கடை, செல்போன் கடைக்காரர்களுக்கு இது செலவு வைக்கும் வேலை. ஒரு முறை செய்வதை சரியாக செய்து விட்டால் அடுத்த சில ஆண்டுகளுக்கு கவலை இல்லை. அதற்கு தெரிந்து கொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

வெட்டி ஒட்டும் எழுத்து

பிளக்ஸ் என்பது துணி மாதிரியான பிளாஸ்டிக்கில் மை தெளித்து அச்சடிப்பது. வெயிலில் மை வெளுத்து விடும். சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும்.

வினைல் ஸ்டிக்கர் எழுத்து அப்படி இல்லை. நிறம் ஸ்டிக்கரின் உடம்பிலேயே கலந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் அடித்த எழுத்தை பிளாட்டர் என்ற எந்திரம் கத்தியால் வெட்டி கொடுக்கும். வேண்டாத பகுதியை உரித்து விட்டு, மீதியை ஷீட்டில் ஒட்டுவார்கள்.

இதிலும் தரம் உண்டு. மலிவான சாதா வினைல் வெயிலில் 2 அல்லது 3 ஆண்டுதான். நாளாக நாளாக அது சுருங்கும். எழுத்தை சுற்றி கறுப்பு கோடு போட்டது போல பசை வெளியே தெரியும், அதில் தூசி ஒட்டும். 'பாலிமெரிக்' வகை 5 ஆண்டுக்கு மேல் உழைக்கும். 'காஸ்ட்' வகை அதையும் தாண்டும், விலையும் அதிகம்.

இரவில் வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கரை நம்ம ஊரில் 'ரேடியம்' என்கிறோம். அதில் ரேடியம் எதுவும் கிடையாது. பொடி கண்ணாடி மணிகளோ, நுண்ணிய பட்டை வடிவங்களோ வண்டி விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. அவ்வளவுதான்.

எந்த வகை ஸ்டிக்கர் ஆனாலும் அதன் ஆயுள் அது ஒட்டும் ஷீட்டை பொறுத்தது. ஷீட் வழவழப்பாக, அசையாமல், ஈரம் குடிக்காமல் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் எழுத்து நிற்காது.

புளூட் போர்டு

அட்டைப்பெட்டி போல உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் ஷீட் இது. விலை குறைவு, எடை இல்லை, தண்ணீரும் இறங்காது. ஆனால் இது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். இதன் மேல் பசை சரியாக பிடிக்காது. மேற்பரப்பை பசை பிடிப்பதற்காக பதப்படுத்தி வந்த ஷீட்டாக இருந்தால்தான் ஸ்டிக்கர் நிற்கும். காற்றில் மடிந்தால் மடிந்ததுதான்.

மருத்துவ முகாம், கோவில் திருவிழா, 'வீடு வாடகைக்கு' மாதிரி சில வார வேலைக்கு போதும். கடை பெயருக்கு வேண்டாம்.

போம் ஷீட் என்ற சன்போர்டு

பி.வி.சி. பிளாஸ்டிக்கை நுரை போல ஊதி செய்த வெள்ளை ஷீட் இது. கடைகளில் போம் ஷீட், சன்போர்டு என்ற பெயர்களில் கிடைக்கும். ஸ்டிக்கர் நன்றாக பிடிக்கும். துரு கிடையாது. கத்தியாலேயே வெட்டலாம். கடைக்கு உள்ளே மாட்டும் விலைப்பட்டியல், கிளினிக் நேரம், 'செருப்பை வெளியே விடவும்' போர்டுக்கு இதைவிட சிக்கனமானது இல்லை.

வெளியே மாட்டினால்தான் வம்பு. இது சுமார் 60 டிகிரி வெப்பத்தில் இளக ஆரம்பிக்கும். மே மாத வெயிலில் கறுப்பு, கருநீல ஸ்டிக்கர் முழுசாக ஒட்டிய ஷீட் அந்த சூட்டை எட்டி விடும். அப்புறம் அப்பளம் போல வளையும். வளைந்தது திரும்ப நிமிராது.

வெளியே போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் குறைந்தது 5 மி.மீ. கனம், வெள்ளை தரை, பின்னால் நெருக்கமான சட்டம் வேண்டும்.

பிளைவுட்

ஒரு காலத்தில் பெயிண்டர்கள் கையால் எழுதிய போர்டெல்லாம் மரம் அல்லது தகடுதான். பெயிண்டுக்கு பலகை நல்ல துணை. ஸ்டிக்கருக்கு அப்படி இல்லை. மரம் மழையில் ஈரம் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே ஒட்டிய எழுத்து கூடவே இழுபடும்.

பயன்படுத்துவதாக இருந்தால் மரைன் பிளைவுட் வாங்கி, முன்பக்கம், பின்பக்கம், முக்கியமாக நாலு ஓரமும் பிரைமர் அடித்து எனாமல் பெயிண்ட் அடிக்க வேண்டும். பெயிண்ட் காய்ந்தது போல தெரிந்தாலும் உள்ளே இருந்து ஆவி வந்து கொண்டே இருக்கும். ஒரு வாரமாவது விட்டுத்தான் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் எழுத்து முழுக்க கொப்புளம்தான்.

இரும்பு, ஜி.ஐ. தகடு

தகடு விறைப்பாக நிற்கும். வழவழப்பு இருப்பதால் ஸ்டிக்கரும் பிடிக்கும். ஆனால் 1 மி.மீ. கனத்தில் 8-க்கு 4 அடி தகடு ஒன்று சுமார் 23 கிலோ எடை.

ஜி.ஐ. என்பது இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. துத்தநாகம் தன்னை தேய்த்துக் கொண்டு இரும்பை காப்பாற்றும். உள்ளூர் பக்கம், வில்லியனூர், திருபுவனை மாதிரி இடங்களில் இது பல வருஷம் வரும். கடலோரத்தில் உப்பு அந்த பூச்சை சீக்கிரமே தின்று விடும். வெட்டிய ஓரமும், ஆணி ஓட்டையும், வெல்டிங் வைத்த இடமும் முதலில் போகும். துரு ஸ்டிக்கருக்கு அடியில் ஊர்ந்து எழுத்தை தூக்கி விடும்.

ஜி.ஐ. தகடுதான் வசதி என்றால் ஓரங்களுக்கு துத்தநாக பெயிண்ட் அடித்து, மேலே இரண்டு கோட்டிங் கொடுக்காமல் கடற்கரை ஊரில் மாட்டக்கூடாது.

ஏ.சி.பி. ஷீட்

இப்போது பேங்க், மெடிக்கல், ஜவுளிக்கடை என்று எங்கு பார்த்தாலும் இதுதான். இரண்டு பக்கம் மெல்லிய அலுமினிய தோல், நடுவில் பிளாஸ்டிக். 3 மி.மீ., 4 மி.மீ. கனங்களில் வருகிறது. 3 மி.மீ. ஷீட் 8-க்கு 4 அடி அளவில் சுமார் 12 முதல் 14 கிலோதான். விறைப்பு உண்டு, துரு இல்லை, ஸ்டிக்கர் கண்ணாடி மேல் ஒட்டியது போல ஒட்டும். பனித்திட்டு மாதிரி ஊருக்கு விலை, எடை, ஆயுள் மூன்றையும் சேர்த்து பார்த்தால் பெரும்பாலான கடைகளுக்கு இதுவே பொருத்தம்.

ஆனால் ஏ.சி.பி. என்றாலே எல்லாம் ஒன்று இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஷீட்களில் அலுமினிய தோலின் கனம் மாறும். வெளியே மாட்ட 0.25 மி.மீ.க்கு குறையாமல் கேட்டு வாங்க வேண்டும். மேல் பூச்சு 'பாலியெஸ்டர்' என்றால் உள்வேலைக்கு, 'பி.வி.டி.எப்.' என்றால் வெயிலுக்கு.

வெட்டிய ஓரம் இதன் பலவீனம். அது வழியாக உப்பு தண்ணீர் இறங்கினால் அலுமினிய தோல் பிளாஸ்டிக்கை விட்டு பிரியும். ஓரத்தை டப்பா போல பின்னால் மடித்து விடுவது நல்லது. முடியாவிட்டால் சிலிகான் வைத்து அடைக்கலாம். வினிகர் போல புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான் உலோகத்தை அரிக்கும். 'நியூட்ரல்' வகை கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சாதாரண ஏ.சி.பி.யின் நடுவில் இருப்பது பாலிஎத்திலீன். அது எரியும். லண்டனில் 2017-ம் ஆண்டு ஜூன் 14-ந்தேதி கிரென்பெல் டவர் அடுக்குமாடியில் பிடித்த தீயில் 72 பேர் இறந்தனர். வெளிச்சுவரில் பதித்திருந்த இந்த வகை ஷீட் வழியாகத்தான் தீ மேலே மேலே பரவியது. டீக்கடை அடுப்பு, பரோட்டா கல், பேக்கரி புகைபோக்கி அருகில் இதை வைக்கக்கூடாது. எல்.இ.டி. விளக்கு வைத்தால் ஒயர் இணைப்பை டேப் சுற்றி விட்டு விடாமல் டப்பாவுக்குள் அடைக்க வேண்டும்.

அலுமினிய தகடு

சாலை ஓரத்தில் நிற்கும் வழிகாட்டி பலகைகளை பார்த்தால் விஷயம் புரியும். இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த ஐ.ஆர்.சி.67 என்ற விதிமுறை, இவற்றுக்கு அலுமினிய தகடு அல்லது அலுமினிய கூட்டு ஷீட்டைத்தான் சொல்கிறது. மேலே ஒளி திருப்பும் ஸ்டிக்கர். செலவு கூட. ஆனால் நடுவில் பிளாஸ்டிக் இல்லாததால் பிரிய எதுவும் இல்லை.

கடலில் இறங்க வேண்டாம், ஆழமான இடம், புயல் பாதுகாப்பு மையத்துக்கு வழி போன்ற எச்சரிக்கை பலகைகளுக்கு இதுதான் சரி. கடை பெயர் உதிர்ந்தால் வியாபாரம்தான் போகும். எச்சரிக்கை உதிர்ந்தால் உயிர் போகும். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமியை நேரில் பார்த்த கடற்கரை இது. இரவில் கரண்ட் போன நேரத்திலும் டார்ச் வெளிச்சத்தில் படிக்கும்படி 'ரேடியம்' எழுத்து இருக்க வேண்டும்.

அக்ரிலிக், பாலிகார்பனேட்

உள்ளே விளக்கு எரியும் போர்டுக்கு அக்ரிலிக் அழகு. வெயிலில் சீக்கிரம் மஞ்சள் ஆகாது. ஆனால் கல் பட்டால் உடையும். தின்னர் போட்டு துடைத்தால் மெல்லிய விரிசல் ஓடும். சோப்பு தண்ணீர் மட்டும் போதும்.

பாலிகார்பனேட் உடையாது. ஆனால் வெயில் தடுப்பு பூச்சு உள்ள பக்கம்தான் வெளியே இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் மஞ்சள் அடித்து விடும். இது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்து, பிறகு ஆவியாக விடும். ஸ்டிக்கரில் குமிழ் வர இதுதான் காரணம்.

இரண்டுமே வெயிலில் நீளும். 8 அடி நீள அக்ரிலிக் ஷீட் 40 டிகிரி சூடு ஏறினால் 6 மி.மீ.க்கு மேல் நீளும். அதே நீள ஏ.சி.பி. சுமார் 2 மி.மீ.தான். திருகாணி ஓட்டையை இறுக்கமாக போட்டால் நீள வழியில்லாமல் அக்ரிலிக் விரியும், ஏ.சி.பி. புடைக்கும். ஓட்டையை திருகாணியைவிட கொஞ்சம் பெரிதாக போட்டு வாஷர் வைப்பது இதற்காகத்தான்.

காற்று எத்தனை மூட்டை?

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி காலை தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் நடுவே கரையை கடந்தது. காற்று மணிக்கு 140 கி.மீ. வேகத்தை தொட்டது. 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரையை கடந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழையை கொட்டியது.

100 கி.மீ. வேக காற்று 8-க்கு 4 அடி போர்டின் மேல் நேராக அடித்தால் அழுத்தம் தோராயமாக 140 கிலோ. அதாவது 75 கிலோ நெல் மூட்டை கிட்டத்தட்ட இரண்டு. வேகம் 140 கி.மீ. ஆனால் அழுத்தம் 270 கிலோ, மூன்றரை மூட்டைக்கு மேல். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, பாரம் இரண்டு மடங்கை நெருங்கி விட்டது பாருங்கள்.

இந்த பாரத்தை தாங்க வேண்டியது ஸ்டிக்கர் இல்லை, ஷீட்கூட இல்லை. சட்டமும் திருகாணியும். துருப்பிடித்த நாலு திருகாணியில் தொங்கும் தகடு புயலில் பிய்த்துக் கொண்டால் அது கத்திதான்.

சாதாரண நாளிலும் ஆபத்து உண்டு. சென்னை பள்ளிக்கரணையில் 2019-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந்தேதி ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் என்ஜினீயர் மீது சாலை நடுவே கட்டியிருந்த பேனர் விழுந்தது. நிலை தடுமாறி விழுந்த அவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியதில் உயிரிழந்தார். மெல்லிய பிளக்ஸ்தானே என்று யாரும் அலட்சியமாக இருக்க முடியாது என்பதை அந்த சாவு காட்டியது.

100 மைக்ரானுக்கு குறைந்த பி.வி.சி. பேனர்களுக்கு மத்திய அரசு 2022-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் தடை விதித்துள்ளது. சாலை ஓரத்தில், பொது இடத்தில் போர்டு வைப்பதாக இருந்தால் கொம்யூன் பஞ்சாயத்தில் முதலில் கேட்டுக் கொள்வது நல்லது.

திருகாணியில் மிச்சம் பிடிக்காதீர்கள்

ஆயிரக்கணக்கில் செலவழித்து ஏ.சி.பி. போட்டு விட்டு, சாதா இரும்பு திருகாணி போடுவது பலர் செய்யும் தவறு. இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக் கொண்டால் பேட்டரி போல வேலை செய்து அரித்துக் கொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போட வேண்டும். 304 ரகம் ஊருக்குள் போதும். கடலை பார்த்த சுவருக்கு 316 ரகம் நல்லது. நடுவே நைலான் அல்லது ரப்பர் வாஷர் கட்டாயம்.

சட்டத்துக்கு இரும்பு பைப் என்றால் முனையை அடைத்து விட்டு, கீழே ஒரு சின்ன ஓட்டை போட வேண்டும். இல்லையென்றால் உள்ளே தண்ணீர் தேங்கி, வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும்போதே உள்ளே மக்கி விடும்.

புள்ளி விழாமல் இருக்க

தமிழ் எழுத்தில் புள்ளி தனி துண்டு. ஒட்டும் பரப்பு குறைவு என்பதால் முதலில் உதிரும். புள்ளியின் குறுக்களவு 1 செ.மீ.க்கு குறையாமல் வெட்ட சொல்லுங்கள். மெல்லிய வளைவும் கூர் முனையும் உள்ள எழுத்து வடிவத்தை தவிர்த்து, தடித்த, முனை மழுங்கிய எழுத்தாக தேர்ந்தெடுங்கள். கூர் முனைதான் முதலில் தூக்கும்.

எழுத்தின் உயரம் 1 அங்குலத்துக்கு 10 அடி தூரம் என்பது பொதுவான கணக்கு. 60 அடி தள்ளி சாலையில் போகிறவர் சுலபமாக படிக்க 6 அங்குல எழுத்து வேண்டும்.

ஒட்டும் முன் ஷீட்டை சோப்பு தண்ணீரில் கழுவி காய வைக்க வேண்டும். கடலோரத்தில் கண்ணுக்கு தெரியாத உப்பு படலம் ஒரே இரவில் படிந்து விடும். அதன் மேல் ஒட்டினால் பசை உப்பைத்தான் பிடிக்கும், ஷீட்டை பிடிக்காது. உச்சி வெயிலில் சுட்ட தகட்டின் மேல் ஒட்டினால் வைத்த இடத்தில் கவ்விக் கொண்டு சுருக்கம் விழும். காலையிலோ சாயங்காலமோ நிழலில் ஒட்டி, ஒரு நாள் விட்டு மாட்டினால் போதும்.

படகுக்கு என்ன?

பைபர் படகில் பதிவு எண், பெயரை ஸ்டிக்கரில் போடுகிறவர்களும் உண்டு. புது பைபரின் மேல் அச்சில் இருந்து வந்த மெழுகு இருக்கும். அதை சுரண்டி கழுவாமல் ஒட்டினால் நிற்காது. வலை உரசும் இடத்திலும், மணலில் இழுக்கும் அடிப்பக்கத்திலும் எந்த ஸ்டிக்கரும் தாங்காது. அங்கே பழைய முறைப்படி பெயிண்ட்தான். விளிம்பை ஒட்டிய மேல்பக்கத்தில் மட்டும் ஸ்டிக்கர் சரிப்படும்.

சுருக்கமாக

* சில வார வேலைக்கு: புளூட் போர்டு.

* கடைக்கு உள்ளே: போம் ஷீட்.

* கடற்கரை ஊரில் கடை வாசலுக்கு: ஓரம் மடித்த ஏ.சி.பி., பாலிமெரிக் வினைல்.

* கடலில் இருந்து தள்ளிய ஊரில் சிக்கனமாக: பெயிண்ட் அடித்த ஜி.ஐ. தகடு.

* விளக்கு போர்டுக்கு: அக்ரிலிக்.

* எச்சரிக்கை, வழிகாட்டிக்கு: அலுமினிய தகடு, 'ரேடியம்' எழுத்து.

ஆர்டர் கொடுக்கும்போது ஷீட்டின் பெயர், கனம், வினைல் வகை, திருகாணி ரகம் நான்கையும் பில்லில் எழுதி வாங்கி விடுங்கள். 'நல்ல குவாலிட்டி' என்று வாயால் சொன்னது இரண்டு வருஷம் கழித்து பேச்சுக்கு நிற்காது.

எந்த ஷீட் போட்டாலும் ஆண்டுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஐப்பசி மழை பிடிக்கும் முன்பு ஏணி போட்டு ஏறி, திருகாணியை ஒரு திருகு திருகி பார்த்து, போர்டை நல்ல தண்ணீரில் கழுவி விட வேண்டும். அரை மணி நேர வேலைதான். போர்டுக்கும் நல்லது, அடியில் நடந்து போகிற தலைக்கும் நல்லது.